முட்டையின் காற்றிலேயே எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது புதுச்சேரி வீடுகளில் செய்யப்படும் விவிக்கத்தை உண்டு பழகியவர்களுக்கு, கேக் என்றாலே ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேர்ந்த கனமான பண்டம்தான் நினைவுக்கு வரும். ஸ்பாஞ்ச் கேக் அதற்கு முற்றிலும் வேறான வகை. கையில் எடுத்தால் கனம் தெரியக் கூடாது. விரலால் அழுத்தினால் அமிழ்ந்து, விரலை எடுத்தவுடன் பழைய நிலைக்கு எழ வேண்டும். வாயில் போட்டால் மெல்லுவதற்கு முன்பே கரையத் தொடங்க வேண்டும். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலியின் ஜெனோவா நகரத்தின் பெயரை ஒட்டி ஜெனுவாஸ் என்று அழைக்கிறார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் ரொட்டிக்கும் கேக்குக்கும் இன்றும் தனி மதிப்பு இருந்தாலும், இந்தக் கேக்கை வீட்டில் செய்யத் தயங்குபவர்களே அதிகம். தயங்கத் தேவையில்லை என்பதைக் காட்டவே, முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் கடைப்பிடிக்கும் முறையை முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கேக்கில் பேக்கிங் பவுடர் கிடையாது, ஆப்பச் சோடாவும் கிடையாது. நான் முதன்முதலாகச் செய்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா அருகில் நின்று பார்த்துவிட்டு, "சோடா உப்பே போடாம இது எப்படிம்மா பொங்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்பவர் 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அதற்கு முன்பே ஐரோப்பாவில் ஸ்பாஞ்ச் கேக் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கேக்குகளை எழுப்பியது முட்டைக்குள் அடித்து ஏற்றப்பட்ட காற்றுதான். முட்டையை அடிக்கும்போது அதன் புரதங்கள் சுருள் பிரிந்து, ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சுற்றி மெல்லிய படலமாகப் படிகின்றன. அடுப்பின் சூட்டில் அந்தக் காற்று விரிகிறது. ஆனால் அறை வெப்பத்திலிருந்து தண்ணீர் கொதிக்கும் சூட்டை எட்டும்போது காற்று ஏறத்தாழ கால் பங்குதான் விரியும் என்பதால், எஞ்சிய எழுச்சியைக் கலவையில் உள்ள தண்ணீர் ஆவியாகி அதே குமிழிகளுக்குள் புகுந்து தருகிறது. குமிழி இல்லையென்றால் அந்த ஆவிக்குத் தங்க இடமில்லை. ஆகவே இதில் உள்ள வேலை முழுவதும் காற்றை ஏற்றுவதும், ஏற்றிய காற்றை அடுப்புக்குள் போகும் வரை காப்பதும்தான். பொங்கிய இட்லி மாவை அடியோடு கலக்காமல் மேலாக அள்ளித் தட்டில் ஊற்றுகிறோமே, அதே எச்சரிக்கைதான் இங்கும் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, எட்டு அங்குல வட்ட டின் ஒன்றுக்கு நான்கு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 100 கிராம் மைதா, 20 கிராம் சோள மாவு (வெள்ளையான கார்ன்ஃப்ளோர்), 30 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் ஆகியவை போதும். கப் அளவை நம்பி இந்தக் கேக்கைச் செய்யாதீர்கள். ஒரே கப்பில் மைதாவை அமுக்கி நிரப்புவதற்கும் தளர்வாக நிரப்புவதற்கும் இடையே எடை கணிசமாக மாறும். அந்த வேறுபாடே கேக்கைக் கனமாக்கப் போதுமானது. சமையலறைத் தராசு ஒன்றை வாங்குவதுதான் இந்த வேலையில் நான் செய்த மிகப் பயனுள்ள செலவு.

முட்டையையும் எண்ணிக்கையால் அளவிடாமல் எடையால் அளவிடுவது நல்லது. நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண முட்டை ஓட்டுடன் ஐம்பது கிராமுக்குச் சற்று மேலாக இருக்கும். நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறியது. ஓட்டை நீக்கிய முட்டை மொத்தம் 190 முதல் 200 கிராம் வரை இருந்தால் மேலே சொன்ன அளவு பொருந்தும். முட்டை புதியதா என்பதை அறிய, ஒரு பாத்திரத் தண்ணீரில் இட்டுப் பார்த்தால் போதும். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் சில நாள் பழையது, மிதந்தால் ஒதுக்கிவிட வேண்டியது. கேக்கில் கவிச்சி அடிக்கிறது என்ற குறை பெரும்பாலும் பழைய முட்டையாலும் போதாத வேக்காட்டாலும் வருகிறது. புதிய முட்டையுடன் ஓர் எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் வெள்ளைப் பகுதி சேராமல் துருவிப் போட்டால், எங்கள் வீட்டில் முட்டை வாடையைச் சகிக்காதவர்கள்கூட இரண்டாம் துண்டு கேட்கிறார்கள்.

மைதாவுடன் சோள மாவு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கேக்குக்கென்று அரைக்கப்படும் மாவைவிட நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில் புரதம் அதிகம். புரதமும் ஈரமும் சேர்ந்து கலக்கப்படும்போது குளூட்டன் என்ற இழுவைப் பசை உருவாகிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் வேண்டும்; ஸ்பாஞ்சுக்கு அது பகை. மைதாவில் ஆறில் ஒரு பங்கைச் சோள மாவாக மாற்றினால் புரதம் குறைந்து கேக் மிருதுவாகிறது. இரண்டையும் உப்புடன் சேர்த்து மூன்று முறை சலிக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் எங்கள் ஊரில் மைதா சிறு சிறு உருண்டைகளாகக் கட்டிக்கொள்ளும். அந்த உருண்டைகள் பின்னர் எவ்வளவு கலந்தாலும் கரையாமல், வெட்டும்போது வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான்காவது முறையும் சலிக்கிறேன். சர்க்கரையை மிக்சியில் பொடித்து, அதையும் சலித்துக்கொள்ளுங்கள். நம் சர்க்கரையின் பெரிய கற்கள் முட்டையில் கரைய அதிக நேரம் எடுக்கும்.

முட்டையை அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே மற்ற எல்லாம் தயாராக இருக்க வேண்டும். டின்னின் அடிப்பகுதிக்கு அளவாகப் பட்டர் பேப்பரை வெட்டி விரித்து வையுங்கள். பக்கச் சுவர்களில் நான் வெண்ணெய் தடவுவதில்லை. கலவை சுவரைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும் என்பதும், ஆறும்போது அந்தப் பிடிப்பே அதைச் சுருங்காமல் தாங்க வேண்டும் என்பதும் என் கருத்து. அதனால்தான் நான்ஸ்டிக் டின்னை இதற்குப் பயன்படுத்துவதில்லை. சாதாரண அலுமினிய டின்னே சிறந்தது. ஓவனை 170 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடமாவது சூடாக்க வேண்டும். ஓடிஜி எனப்படும் சிறிய மின் ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று இருந்தால் ஐயமே இல்லை.

இனி முட்டை. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த ஸ்டீல் கிண்ணத்தை, அதன் அடி தண்ணீரைத் தொடாதவாறு அந்தப் பாத்திரத்தின் மேல் வைத்து, விஸ்க் என்னும் கம்பி மத்தால் நிற்காமல் கலக்குங்கள். விரலை விட்டால் இளஞ்சூடாக, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் போல இருக்க வேண்டும். எண்ணில் சொன்னால் ஏறத்தாழ 40 டிகிரி. கத்திரி வெயில் காலத்தில் சமையலறையே 35 டிகிரியைத் தொடும்போது இந்தச் சூடு எதற்கு என்று தோன்றலாம். சூட்டில் சர்க்கரை முழுவதும் கரைகிறது, மஞ்சள்கரு இளகுகிறது, அதனால் முட்டை அதிகக் காற்றை வாங்கிக்கொள்கிறது என்பதே விடை. வெயில் நாள்களில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். கலக்குவதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், 60 டிகிரியைத் தாண்டும் ஓரங்களில் வெள்ளைக்கரு வெந்து நூலாகிவிடும். இரண்டு விரல்களுக்கிடையே சிறிது எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்ற உணர்வு அறவே இல்லாதபோது கிண்ணத்தைக் கீழே இறக்கலாம்.

இறக்கியவுடன் எலெக்ட்ரிக் பீட்டரை அதிக வேகத்தில் வைத்து ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை அடியுங்கள். மிக்சி இதற்கு உதவாது. அதன் பிளேடு வெட்டுமே தவிர காற்றைக் கோக்காது. கைவிஸ்க்கிலும் செய்யலாம், ஆனால் இருபது நிமிடம் ஓயாமல் அடிக்க வேண்டும், இருவர் மாறி மாறி அடித்தால் எளிது. முதலில் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் மேலே பெரிய நுரையுடனும் இருக்கும் கலவை, மெல்ல மெல்ல வெளிறி, பாலாடையின் நிறத்துக்கு வந்து, மூன்று மடங்காகப் பெருகும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெருகிவிட்டது என்பது மட்டும் போதாது, கெட்டிப்பட்டிருக்க வேண்டும்.

அதை அறிய நான் பார்ப்பது இழையைத்தான். பீட்டரை உயர்த்தினால் அதிலிருந்து வழியும் கலவை ஒரு நாடாவைப் போல அறுபடாமல் விழ வேண்டும். அரைத்த அரிசி மாவை விரலிடுக்கில் வழியவிட்டு இழைக்கோலம் போடுபவர்களுக்கு இது உடனே பிடிபடும். அதேபோல இந்தக் கலவையாலேயே கலவையின் மேல் ஒரு எட்டு எழுதிப் பாருங்கள். எழுதிய எட்டின் தொடக்கம், முடிவை எழுதும் முன்பே மறைந்தால் இன்னும் அடிக்க வேண்டும். பத்து வரை எண்ணும் வரை அந்த இழை மேலே புடைத்து நின்று, பிறகு மெதுவாக அமிழ்ந்தால் பதம் வந்துவிட்டது. ஐயமிருந்தால் ஒரு பல்குச்சியைச் செங்குத்தாகச் செருகுங்கள். அது சாயாமல் நிற்க வேண்டும். பதம் வந்த பிறகு பீட்டரை மிகக் குறைந்த வேகத்துக்கு மாற்றி, கிண்ணத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். பெரிய குமிழிகள் உடைந்து சிறியவையாகி, மேற்பரப்பு சாட்டின் துணிபோல மின்னத் தொடங்கும். கேக்கின் இழை சீராக வருவதும், பொத்தல் பொத்தலாக வருவதும் இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுத்தது. வெனிலாவையும் எலுமிச்சைத் துருவலையும் இப்போது சேர்த்துவிடலாம்.

மாவைச் சேர்ப்பது இந்த வேலையில் மிக நுட்பமான கட்டம். சலித்த மாவை மறுபடியும் சல்லடையில் இட்டு, மூன்று தடவையாகப் பிரித்து, முட்டைக் கலவையின் மேல் பனி படர்வதுபோல் மெலிதாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அதன் பாரத்திலேயே குமிழிகள் உடையும், மாவும் அடிக்குப் போய்க் கட்டியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் ஸ்பேச்சுலாவின் விளிம்பால் நடுவில் கத்தியைப் போல் இறக்கி, அடியைத் தொட்டு, கிண்ணத்தின் சுவரை ஒட்டி மேலே ஏற்றி, எடுத்த கலவையை நடுவில் மெல்லக் கவிழுங்கள். கவிழ்க்கும்போதே இடது கையால் கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள். வட்டமாகச் சுற்றிக் கலக்கவே கூடாது. மாவின் கடைசிக் கோடு மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, அது மறையும் வரை நிறுத்தக் கூடாது என்பதும் அவ்வளவு முக்கியம். பயந்து பயந்து கலந்து மாவை அடியில் விட்டுவிட்ட கேக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் அடியில் களிபோன்ற ஒரு பட்டை இருக்கும்.

அதே பட்டை வேறொரு காரணத்தாலும் வரும், அது வெண்ணெய். உருக்கிய வெண்ணெயை நேராக ஊற்றினால் அது கனத்தால் அடிக்குச் சென்று தங்கும், போகும் வழியில் உள்ள நுரையையும் கொல்லும். வெண்ணெய் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அதில் இரண்டு கரண்டி கலவையைப் போட்டு நன்றாகக் கலந்துவிட்டு, அந்தக் கலப்பை மீண்டும் பெரிய கிண்ணத்தின் ஓரமாக விட்டுப் பத்துப் பதினைந்து மடிப்புகளில் சேர்த்துவிடுங்கள். வெண்ணெய் முற்றிலும் இல்லாமலும் இந்தக் கேக் வரும். இன்னும் உயரமாகவே வரும். ஆனால் மறுநாள் வறண்டுவிடும். முப்பது கிராம் என்பது இரண்டுக்கும் நடுவான அளவு.

பேக்கரிகளில் கேக் ஜெல் என்ற பசையைச் சேர்த்து முட்டை, சர்க்கரை, மாவு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்துவிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பல கிலோ கேக் செய்யும் இடத்தில் அது தேவையாக இருக்கலாம். வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஜெல் சேர்த்த ஸ்பாஞ்சில் மிருது இருக்கும், முட்டையும் வெண்ணெயும் தரும் மணம் இருக்காது. முட்டையே சேர்க்காதவர்கள் கண்டென்ஸ்டு மில்க்கில் செய்யும் கேக் சுவையானது. ஆனால் அது சோடாவால் எழுவது, அதற்கு இந்த முறை பொருந்தாது.

கலவையை டின்னில் ஊற்றியவுடன், மேடையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் பிடித்து ஒரே ஒரு முறை மேடையில் தட்டுங்கள். பெரிய குமிழிகள் மேலே வந்து உடையும். உடனே ஓவனுக்குள், நடுத் தட்டில் வைத்துவிட வேண்டும். இந்தக் கலவை காத்திருக்காது. ஐந்து நிமிடம் மேடையில் நின்றாலும் அது தளரத் தொடங்கிவிடும். 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் பிடிக்கும். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் கேக் எழுந்திருக்கிறதே தவிர அதன் சுவர்கள் இன்னும் இறுகவில்லை; முட்டைப் புரதமும் மாவுச் சத்தும் இறுகிய பிறகுதான் அது தன் காலில் நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் தம்பி மகளின் பிறந்தநாளன்று, ஓவனில் வைத்துப் பதினான்காவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. என்ன ஆயிற்றோ என்ற பதற்றத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். என் கண்ணெதிரே கேக்கின் நடுப்பகுதி தட்டுபோலக் குழிந்து இறங்கியது. ஏழெட்டு நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் குழி எழவில்லை. திறக்காமல் விட்டிருந்தால் ஓவனில் தேங்கியிருந்த சூடே அதைத் தாங்கியிருக்கக்கூடும். அன்று முதல், மின்வெட்டு வந்தால் கதவைத் தொடாமல், விட்ட நேரத்தைக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்கிறேன்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிய பிறகு டின்னை உள்ளே வைக்கலாம். குக்கரில் செய்வதானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தீயைச் சிறிதாக்கி 35 முதல் 45 நிமிடம் விட்டால் வெந்துவிடும். மேற்புறம் பொன்னிறமாகாது, வெளிறியே இருக்கும். உள்ளே இருக்கும் மிருதுவில் குறையில்லை.

வெந்துவிட்டதா என்பதை மூன்று அடையாளங்களால் அறியலாம். மேற்புறத்தை விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் எழ வேண்டும். நடுவில் செருகிய பல்குச்சி ஈரமின்றி வர வேண்டும். காதை அருகில் கொண்டுபோனால், வேகாத கேக்கில் கேட்கும் சளசளப்பு அடங்கி மெல்லிய சிலுசிலுப்பு மட்டும் கேட்க வேண்டும். நடுவில் கூம்பாக எழுந்து வெடித்திருந்தால் ஓவன் சூடு அதிகம், அடுத்த முறை பத்து டிகிரி குறையுங்கள்.

வெளியே எடுத்தவுடன் ஒரு மடித்த துண்டை மேடையில் விரித்து, ஓர் அடி உயரத்திலிருந்து டின்னை அதன் மேல் நேராக விழவிடுங்கள். முதன்முறை இதைச் செய்ய மனம் வராது. இவ்வளவு பாடுபட்டுக் காத்த காற்றைக் கொட்டிவிடுவோமோ என்று தோன்றும். உண்மையில் அந்த ஒரு அதிர்ச்சியில் உள்ளே அடைபட்ட சூடான ஆவி வெளியேறி, அதன் இடத்தில் வெளிக்காற்று புகுவதால்தான் கேக் ஆறும்போது சுருங்குவதில்லை. உடனே கம்பித் தட்டின் மேல் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, முழுவதும் ஆறும் வரை அப்படியே விடுங்கள். ஆறிய பிறகு மெல்லிய கத்தியைச் சுவரை ஒட்டி ஒருமுறை ஓட்டினால் கேக் கழன்று வரும். பட்டர் பேப்பரை ஓரத்திலிருந்து உரித்துவிடலாம்.

குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து, பல் வைத்த ரொட்டிக் கத்தியால் அழுத்தாமல் ரம்பம்போல் இழுத்து வெட்டுங்கள். இரண்டு அடுக்காக்கிக் கிரீம் வைப்பதானால், 50 கிராம் சர்க்கரையை 50 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்த பாகை ஒவ்வோர் அடுக்கிலும் தூரிகையால் தடவிக்கொள்ளலாம். எங்கள் ஊர்க் காற்றில் திறந்து வைத்த ஸ்பாஞ்சின் மேல்தோல் இரண்டு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும் என்பதால், ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். வெளியில் ஒரு நாளும், குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளும் நன்றாக இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததை உடனே உண்ணாமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் உள்ளிருக்கும் வெண்ணெய் இளகி மிருது திரும்பிவிடும். மூன்றாம் நாளும் மிஞ்சிய துண்டுகளைத் தோசைக்கல்லில் சிறு தீயில் எண்ணெய் விடாமல் இருபுறமும் வாட்டி, மாலைக் காப்பியுடன் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.